காற்றாடி இல்லாத விமானம்

என் வீட்டு அலமாரியின் மேல்தட்டில், பழைய பிஸ்கட் டின்னுக்குள், உள்ளங்கையளவு விமானம் ஒன்று இருக்கிறது. மூக்கில் காற்றாடி கிடையாது. இறக்கை நுனிகள் இரண்டும் கிடையாது. உடம்பெல்லாம் பச்சைத் திட்டு போட்டு வண்ணம் தீட்டியிருக்க, இடது இறக்கையில் மட்டும் சுண்டுவிரல் நகத்தில் பாதியளவு இடம் வெறும் வெள்ளியாகக் கிடக்கும். ஒருமுறை டின்னைத் திறந்த என் மருமகள், பேரன்தான் உடைத்துவிட்டான் என்று நினைத்து, "குப்பையில போட்டுறவா அத்த?" என்று கேட்டாள். யாரும் உடைக்கவில்லை. செய்தவரே அப்படித்தான் செய்து கொடுத்தார். அதற்குக் காரணம் நான்.

எங்கள் தேயிலை ஆலையில் அவர் சார்ஜ்மேன். கரண்டு போனாலும் மோட்டார் நின்றாலும் அவர்தான் வரவேண்டும். நான் தூள் தரம்பிரிக்கும் அறையில் இருந்தேன். உறவு எதுவும் இல்லை, தோட்டத்து லயன் வரிசை வீட்டில் அடுத்த கதவு. அண்ணே என்று கூப்பிட்டே பழகிவிட்டது. சனிக்கிழமை மதியம் மற்ற ஆண்கள் பிரிஞ்சாங்கு டவுனுக்குப் போனால் தண்ணி போட்டுவிட்டு வருவார்கள். இவர் சைபர் கஃபேயில் உட்கார்ந்து சண்டைக்காலத்து விமானப் படங்களைப் பார்த்துவிட்டு வருவார். பிளாஸ்டிக் துண்டுகளை ஒட்டி விமானம் செய்வதில் அவருக்கு அப்படி ஒரு பைத்தியம். ஒட்டுவது ஒரு வாரம் என்றால், அதற்கு முன் விசாரிப்பது ஒரு வருடம். ஒரே விமானத்தில் முதல் வகை, இரண்டாம் வகை, துப்பாக்கி மாறியது, கண்ணாடி மாறியது என்று பிரித்துக்கொண்டே போவார். "இருந்தத செய்யணும்மா. இருந்திருக்கும்னு நாமளா நெனக்கிறத செய்யக் கூடாது" என்பார். நாளெல்லாம் தூளைத் தரம்பிரித்துக் கண் பூத்துப்போன எனக்கு, விமானத்திலும் தரம்பிரிக்க ஒரு மனிதருக்குத் தெம்பு எங்கிருந்து வருகிறது என்று எரிச்சலாக இருக்கும்.

அந்த எரிச்சல் குறைந்தது அவருடைய அப்பாவின் கதையைக் கேட்ட பிறகுதான். அப்பா சிறுவயதில், தோட்டத்துக்கு மேலே காட்டுப் பள்ளத்தில் ஜப்பான்காரன் விமானம் ஒன்று விழுந்து கிடந்ததைப் பார்த்தாராம். மூக்கில் மூன்று இதழ் காற்றாடி இருந்தது என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். ஒருவரும் நம்பவில்லை. கள்ளுக்கடையில் அவருக்கு 'மூணுஎல' என்றே பட்டப்பெயர். ஹயபுசா என்ற அந்த விமானத்தில் முதலில் வந்த வகைக்குக் காற்றாடியில் இரண்டு இதழ், பின்னால் வந்ததற்கு மூன்று. இந்தப் பக்கம் விழுந்திருந்தால் முதல் வகையாகத்தான் இருக்கும், கிழவர் கதை விட்டிருப்பார் என்று, அண்ணன் இணையத்தில் கேட்டதற்கு விவரம் தெரிந்தவர்கள் எழுதினார்கள். அண்ணனுக்கு அது பொறுக்கவில்லை.

கீழ் லயனில் ஒரு கோழிக்கூண்டுக்குக் கூரையாகக் கிடந்த அலுமினியத் தகடு அவர் கையில் கிடைத்தது அப்போதுதான். விமானம் விழுந்த காலத்தில் யாரோ பெயர்த்துக்கொண்டு வந்தது. கோழி எச்சத்துக்கும் பாசிக்கும் அடியில் பச்சை வண்ணமும், மங்கலாக ஓர் எண்ணும் தெரிந்தன. அதை ஒர்க்‌ஷாப்பில் தன் ஸ்பேனர்களோடு வைத்துக்கொண்டு, மண்ணெண்ணெயில் நனைத்த பஞ்சால் தினமும் அரிசியளவு இடத்தைத் துடைப்பார். நான்கு இலக்கத்தில் இரண்டு வெளியே வந்துவிட்டன. முழு எண்ணையும் அனுப்பினால் எந்த வகை என்று சொல்லிவிடலாம் என்று, ஜப்பானில் இவரைப் போலவே விமானம் செய்கிற ஒருவர் எழுதியிருந்தார்.

"எங்க தாத்தாவ சயாம் ரயில் பாதை போட இழுத்துட்டுப் போனவன் பிளேன எதுக்குண்ணே இப்படிக் கொஞ்சுறீங்க?" என்று ஒருநாள் கேட்டே விட்டேன்.

"கொஞ்சலம்மா. எங்கப்பன் பொய் சொல்லலன்னு தெரிஞ்சாப் போதும்லா" என்றார். அந்த எண்தான் அதைச் சொல்லும் என்று எனக்கு ஏனோ உறைக்கவில்லை.

அந்த வருட ஆயுத பூஜைக்கு ஒர்க்‌ஷாப்பைக் கழுவும் வேலை என் தலையில் விழுந்தது. அண்ணன் காலையிலேயே பம்ப் ரிப்பேருக்காக லெம்பா பெர்த்தாமுக்குப் போயிருந்தார். ஆயுத பூஜை என்றால் எங்களுக்கு இரும்பு என்று பெயர் இருப்பதெல்லாம் பளபளக்க வேண்டும். ஸ்பேனர், சுத்தியல், வைஸ் எல்லாவற்றையும் தேய்த்தேன். அந்தத் தகட்டைப் பார்த்ததும் எனக்கு அவமானமாக இருந்தது. அண்ணன் பொத்திப் பொத்தி வைத்திருக்கும் சாமான் சாமி முன்னால் அழுக்காக இருக்கலாமா? குத்துவிளக்குக்கு வைத்திருந்த புளியும் சாம்பலும் போட்டேன். போகவில்லை. கம்பி பிரஷை எடுத்து, கை ஓயும்வரை தேய்த்தேன். கண்ணாடி மாதிரி ஆயிற்று. நடுவில் சந்தனம் வைத்து, அதன் மேல் குங்குமப் பொட்டு வைத்து, எல்லாருக்கும் தெரியும்படி முன்வரிசையில் சாய்த்து வைத்தேன். செய்யும்போது சந்தோஷமாகத்தான் செய்தேன்.

தீபாராதனை நேரத்துக்கு அண்ணன் வந்தார். தகட்டைப் பார்த்தார். நான் சிரித்துக்கொண்டு நின்றேன்.

"நல்லாத் தேச்சிருக்கம்மா" என்றார். பொரியை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் தண்ணீர்க் குழாயடியில் அண்ணிதான் சொன்னார். "நேத்து அவரு சோறே திங்கல. இன்னும் ரெண்டு நம்பருதான் பாக்கி இருந்துச்சாம். இப்ப எல்லாமே தேஞ்சு போச்சாம்." குடத்தை அங்கேயே வைத்துவிட்டு ஒர்க்‌ஷாப்புக்கு ஓடினேன். அவர் தகட்டை வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அழுததைப் பார்த்து அவர்தான் சங்கடப்பட்டார். "வுடும்மா. அத்தன வருஷம் கோழி மேல கெடந்துச்சு, அப்ப யாரு பாத்தா?" என்றார். அதன்பிறகு அதைப் பற்றி அவர் பேசவே இல்லை. பேசாமல் இருந்ததுதான் எனக்குத் தண்டனையாக இருந்தது.

ஓய்வுபெற்ற அன்று டின்னை என் கையில் கொடுத்தார். "மெதுவா பாரும்மா" என்றார். திறந்தேன். இதழ் எத்தனை என்று தெரியாத காற்றாடியை வைக்கவில்லை. வகைக்கு வகை மாறும் இறக்கை நுனிகளையும் ஒட்டவில்லை. நான் தேய்த்த தகடு இருந்த இடம் மட்டும், அளவு பிசகாமல், வெள்ளியாக இருந்தது. என் குற்றத்தை அளந்து கொடுத்திருக்கிறார் என்றுதான் தோன்றியது. உடனே மூடிவிட்டேன்.

போன வருடம் அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். ஆலைக்கு வண்ணம் பூசி, சுற்றுலாக்காரர்களுக்குக் கண்ணாடி ஜன்னல் வைத்தபோது பழைய ஒர்க்‌ஷாப் சாமான்களோடு தகட்டையும் லோரியில் ஏற்றிவிட்டார்கள். நான் இப்போது ஆலையின் தேத்தண்ணீர்க் கடை கவுண்டரில் நிற்கிறேன். பள்ளி விடுமுறையில் கியா பார்ம் சந்தையிலிருந்து கார்கள் நகராமல் நிற்கும். நாள் முழுக்க நின்று வீட்டுக்கு வந்தால் இடுப்பு என்னுடையதாகவே இருக்காது.

இந்த ஆயுத பூஜைக்கும் அப்படி அலுத்துப்போய்தான் வந்தேன். கவுண்டரில் பில் படிக்கப் போட்ட கண்ணாடியைக் கழற்றவும் மறந்துபோய் அலமாரியைத் துடைக்கும்போது டின் கையில் பட்டது. என்னவோ, திறந்தேன். அந்த வெள்ளிச் சதுரத்தின் நடுவில் தூசி ஒட்டியிருக்கிறது என்று ஊதினேன். போகவில்லை. ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்தேன். மஞ்சளாக ஒரு புள்ளி. அதன் மேல், ஊசிமுனையால் வைத்ததுபோல், சிவப்பாக ஒன்று. இருந்ததைத்தான் அவர் செய்திருக்கிறார். நான் வைத்த பொட்டும் அதில் இருந்தது. மெதுவாகப் பார் என்று சொன்னவரை, இத்தனை வருடம் குற்றம் சொன்னவராக வைத்திருந்தேன். தரையில் உட்கார்ந்து அழுதேன்.

அன்று சாயங்காலம் தையல் மெஷின், அரிவாள்மனை, பேரனின் சைக்கிள் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தேன். விமானத்தையும் டின்னிலிருந்து எடுத்து அவற்றோடு வைத்தேன். "இதுக்கு வைக்கலியா அத்த?" என்று மருமகள் கேட்டாள்.

"அதுக்கு அண்ணன் வச்சுட்டாரும்மா" என்றேன்.