மீட்டரின் வெள்ளைக் குமிழ்

தொண்ணூறுகளில் மலேசியாவின் அலோர் காஜாவில் நான் ஸ்டுடியோ நடத்திய காலம். ஒரு மதியம், பக்கத்து எஸ்டேட்டிலிருந்து அஞ்சலையம்மா வந்து, நான் எடுத்துக்கொடுத்த அவர் மகளின் படத்தை மேசைமேல் பட்டென்று வைத்தார்.

"சுங்கை ஊடாங்லேருந்து மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வந்தாங்க. வடையத் தின்னுட்டு, படத்துல ஒன்னு நேர்ல ஒன்னுன்னு சொல்லிட்டு எந்திரிச்சுப் போயிட்டாங்க. என்னம்மா படம் புடிச்ச நீ?"

மகள் பரமேஸ்வரி பின்னால் நின்றாள். நல்ல கறுப்பு. படத்தில் இருந்தவளோ மாவில் புரட்டி எடுத்ததுபோல் வெளுத்திருந்தாள். எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. வெளிச்சத்தை அளந்து சொல்லும் புது லைட் மீட்டர் காட்டியபடிதானே எடுத்தேன்!

'புது' என்பது பேச்சுக்குத்தான். கேமராவுக்குள் இருந்த மீட்டர் செத்துப்போனதால், கையில் பிடிக்கும் மீட்டர் தேடி மலாக்கா டவுனுக்குப் போயிருந்தேன். கடைக்காரர் மூன்றை எடுத்து வைத்தார். ஒன்று நம்பர் காட்டும், ஃபிளாஷையும் அளக்கும். விலையைக் கேட்டதும் கையை எடுத்துவிட்டேன். இன்னொன்றுக்குப் பேட்டரி கிடைப்பதே கஷ்டம். மூன்றாவது, முள் காட்டும் பழையது. பேட்டரியே வேண்டாம், ஆனால் மங்கலான இடத்தில் முள் அசையாது. என் ஸ்டுடியோவில் பெரிய பல்புகள் இருந்தன. அரை மணி நேரம் குழம்பிவிட்டுப் பழையதையே வாங்கினேன்.

அதன் முகப்பில் ஒரு வெள்ளைக் குமிழ் இருந்தது. தூசி மூடி என்று நினைத்து, அதைப் பக்கவாட்டில் தள்ளிவிட்டுத்தான் ஆட்களின் முகத்துக்கு நேரே மீட்டரை நீட்டுவேன். படங்களெல்லாம் வெளுப்பாக வந்தன. வாங்கிப் போனவர்களுக்கு வாயெல்லாம் பல். நானும் கைராசியான மீட்டர் என்று பூரித்துப் போயிருந்தேன்.

அஞ்சலையம்மா போனதும் கேமரா பழுதுபார்க்கும் தேவாவிடம் ஓடினேன்.

"அது மூடி இல்லக்கா," என்று அவன் சிரித்தான். "குமிழ் இல்லாட்டி, முகத்துல பட்டுத் திரும்புற வெளிச்சத்த அளக்கும். கறுப்பு முகம்னா வெளிச்சம் பத்தலன்னு நெனச்சுக் கூடக் கேக்கும்லா. குமிழப் போட்டு, முகத்துக்கிட்ட வச்சு, கேமரா பக்கம் திருப்புங்க. விழுற வெளிச்சத்த மட்டும் அளக்கும்."

"அப்ப இத்தன நாளா எல்லாரையும் வெளுத்து விட்டேனா?"

"ஆமாக்கா. யாரும் கம்ப்ளேன் பண்ணலியே!"

மறுவாரம் பரமேஸ்வரியை வரவழைத்து, குமிழோடு அளந்து எடுத்தேன். லேப்பில் எதையும் திருத்தாமல் பிரிண்ட் போடச் சொன்னேன். இந்த முறை அவள் அவளாகவே வந்திருந்தாள், கண்ணில் கொஞ்சம் கோபத்தோடு.

இரண்டு படங்களையும் மேசைமேல் வைத்து, அடுத்த மாப்பிள்ளை வீட்டுக்கு எதை அனுப்பலாம் என்று அஞ்சலையம்மாவிடம் கேட்டேன். அவர் வெளுப்பானதைக் காட்டினார்.

"இதப் பாத்துத்தானே வரவாச்சும் செஞ்சாங்க."

அதுவும் நியாயமாகத்தான் பட்டது. எது சரியான படம் என்பதே மறுபடி குழம்பிப்போனது. வெளுத்த படத்தை உறையில் போடப் போனேன். பரமேஸ்வரி என் கையைப் பிடித்தாள்.

"அக்கா, அவங்க எந்திரிச்சுப் போனப்ப தட்டோட நின்னது நானு. என்னக் கேளுங்க."

எனக்கு வெட்கமாகிவிட்டது. அதுவரை எத்தனையோ பெண்களை உட்கார வைத்து எடுத்திருக்கிறேன். எல்லாவற்றையும் அவர்களுடைய அம்மாக்களிடம்தான் கேட்டேன்.

என்ன மீட்டர் வாங்கலாம் என்று இளையவர்கள் கேட்டால், விலை குறைந்ததே போதும், குமிழ் இருந்தால் சரி என்பேன். எந்தப் படம் வேண்டும் என்பதை மட்டும், படத்தில் இருப்பவரிடம் கேளுங்கள்.