தெர்மோபுளொக்கும் எங்கள் கிணறும்

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் மடையன். பணிவுக்காகச் சொல்லவில்லை, என்னிடம் அத்தாட்சி இருக்கிறது. கிணற்றுத் தண்ணீரைச் சோதித்து எழுதிக் கொடுக்கும் கந்தோர் ஒன்றில் முப்பத்தொரு வருடம் இருந்தவன் நான். போத்தல் போத்தலாக வந்த தண்ணீருக்கெல்லாம் ‘கடின நீர், கல் படியும்’ என்று என் கையாலேயே எழுதிக் கையெழுத்து வைத்திருக்கிறேன். அப்படிப்பட்டவன், இளநீர் குடிக்கிற குழலை விட ஒடுக்கமான பாதை உள்ள கோப்பி மெஷின் ஒன்றுக்குள் எங்கள் கிணற்றுத் தண்ணீரை நாற்பத்திரண்டு நாள் விடாமல் ஊற்றினேன். நாற்பத்துமூன்றாம் நாள் அது செத்தது.

மெஷின் வாங்கிய காரணம் இதைவிட மோசம்.

என்ரை மனுசி மெல்பேர்ணுக்குப் போனது அங்கே மகனின் மூத்த பிள்ளை பிறந்தபோது. ஆறு மாதம் என்றுதான் போனா. பிறகு பிள்ளைக்குப் பல் வந்தது, நடை வந்தது, கதை வந்தது, பின்னால் ஒரு தம்பியும் வந்தான். மூன்றரை வருடம் ஆகிவிட்டது. நான் கரவெட்டியில் வீட்டுக்குக் காவல். ‘வீட்டை ஆராவது பார்க்க வேண்டாமோ’ என்று அன்றைக்குப் பெரிய மனிதத்தனமாகச் சொன்னதும் நான்தான். வீடு இன்றைக்கும் வைத்த இடத்திலேயே இருக்கிறது. அந்த வகையில் என் காவல் பெரிய வெற்றி.

தினமும் காலை ஏழு மணிக்கு வீடியோவில் கதைப்போம். அங்கே அப்போது மத்தியானம். “எப்ப வாறீர்?” என்பது என்னுடைய கடைசிக் கேள்வி. மறுமொழி காலத்துக்குக் காலம் மாறும். இப்ப இஞ்சை குளிர். சின்னவனுக்குச் சளி. மருமகள் திரும்ப வேலைக்குப் போறா. எனக்கு முழங்கால் ஏலாது, அவ்வளவு நேரம் பிளேனிலை இருக்க மாட்டன். இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது ஒருநாள் அவவுக்குப் பின்னால் ஏதோ சீறியது.

“என்னப்பா அது, பாம்போ?”

“பாம்பில்லை, மகன் கோப்பி போடுறான். இஞ்சேருங்கோ, எனக்கு இந்தக் கோப்பி பழகிப்போச்சு. காலமை இது இல்லாட்டி விடியுதில்லை. அங்கை வந்தா இதுக்கு நான் எங்கை போறது?”

சொல்லிவிட்டுச் சிரித்தா. நானும் சிரித்தேன். போனை வைத்த பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை. குளிரை என்னால் நிற்பாட்ட முடியாது. சின்னவனின் சளிக்கும் மருமகளின் வேலைக்கும் அவவின் முழங்காலுக்கும் என்னிடம் வழியில்லை. அவ இதுவரை சொன்ன காரணங்களுக்குள் கடையில் விற்பது இது ஒன்றுதான்.

அன்றைக்கே ஒரு புல்ஸ்கப் தாளை எடுத்து நடுவில் கோடு கீறினேன். கந்தோர்ப் புத்தி போகாது. யாழ்ப்பாணத்துக் கடையில் இரண்டு சாதி மெஷின் இருந்தது. ஒன்றுக்குள் கொதிகலன். கேத்தில் மாதிரி, தண்ணீரை ஒரு தொட்டியில் நிரப்பி வைத்து முழுதாகக் காய்ச்சும். மற்றது தெர்மோபுளொக். அதற்குள் தொட்டி கிடையாது. ஒரு உலோகக் கட்டி, அதற்குள்ளே வளைந்து வளைந்து போகும் ஒரு மெல்லிய பாதை. தண்ணீர் அதற்குள்ளால் ஓடும்போதே சூடாகி வெளியே வரும்.

இடது பக்கத்தில் நல்லதை எழுதினேன். ஒரு நிமிடத்தில் சூடாகும். கொதிகலன் கால் மணித்தியாலம் எடுக்கும், மனுசி காத்திருக்கிற சாதியில்லை. எங்கள் பக்கத்தில் கறண்ட் தன் விருப்பத்துக்கு வந்து போகும். கொதிகலன் சூடாகி முடிகிற தறுவாயில் போனால் திரும்ப முதலில் இருந்து தொடங்கவேண்டும். குசினியில் மிக்சிக்குப் பக்கத்தில் ஒரு முழ இடம்தான் இருக்கிறது, தெர்மோபுளொக் அதற்குள் அடங்கும். பாரமும் இல்லை, தூசு தட்டத் தூக்கலாம்.

வலது பக்கத்தில் கெட்டது. சூடு ஒரு நிலையில் நிற்காது, முதல் கோப்பை ஒரு குணம், இரண்டாவது கோப்பை இன்னொரு குணம். கோப்பியையும் பாலையும் ஒரே நேரத்தில் சூடாக்க ஏலாது, ஒன்று முடிந்த பிறகுதான் மற்றது. பம்பு போடும் சத்தத்துக்கு அயல் எழும்பும். உள்ளே பாதை அடைத்தால் பெரும்பாலும் எறிய வேண்டியதுதான்.

இதெல்லாவற்றுக்கும் கீழே ‘கடின நீருக்கு ஆகாது’ என்றும் எழுதினேன். எழுதியதோடு விடாமல் சிவப்புப் பேனையால் அடிக்கோடும் போட்டேன். போட்டுவிட்டு, அது மற்றவர்களுக்கு என்று நினைத்துக்கொண்டேன்.

இதை வெளியூர்க்காரருக்கு விளங்கப்படுத்துவது கஷ்டம். இந்தக் குடாநாட்டில் எல்லாக் கிணறும் ஒரே சுண்ணாம்புக் கல்லைத்தான் துளைத்து இறங்கியிருக்கிறது. ஆனால் தன் வீட்டுக் கிணறு மட்டும் நல்ல தண்ணி என்று ஒவ்வொருவனும் நம்புவான். கந்தோரில் நான் அறிக்கையைக் கையில் கொடுத்தால், “தம்பி, உங்கடை சாமான் பிழை போலை. எங்கடை கிணத்திலை மூண்டு தெருச் சனம் அள்ளுது” என்பார்கள். அவர்கள் வெளியே போகும் வரைக்கும் முகத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு பிறகு சிரிப்பேன். முப்பத்தொரு வருடம் சிரித்தேன். எங்கள் கிணற்றில் இருந்து மட்டும் ஒரு போத்தல் தண்ணீரை நான் ஒருநாளும் கந்தோருக்குக் கொண்டுபோகவில்லை. எதற்கு? அது நல்ல தண்ணி. மூன்று தெருச் சனம் அள்ளியது.

தெர்மோபுளொக் வீட்டுக்கு வந்தது. முதல் நாள் பார்க்க வந்தவர் மனுசியின் தம்பி. கொடிகாமத்தில் மரக்கறி வியாபாரம், மூன்று நாளைக்கொரு தரம் மோட்டார் சைக்கிளில் வந்து நான் உயிரோடு இருக்கிறேனா என்று பார்த்து அக்காவுக்கு அறிவிப்பவர். அவருக்கு முன்னால் வீட்டில் இருந்த கோப்பித்தூளையே அள்ளிப் போட்டு அமத்தினேன். எங்கள் வீட்டுக் கோப்பித்தூளில் மல்லியும் வேர்க்கொம்பு என்கிற சுக்கும் சரிபாதி. மெஷின் உழவு மெஷின் மாதிரி உறுமியது, மேசை நடுங்கியது, ஒரு கறுத்த சாமான் இறங்கியது. அவர் ஒரு மிடறு குடித்துவிட்டுக் கோப்பையைத் தூக்கி அடியைப் பார்த்தார்.

“அத்தான், சோறு இருக்கோ?”

“ஏன்?”

“இல்லை, ரசம் வந்திட்டுது. அதுதான் கேட்டனான்.”

பிறகு சரியான தூள் எடுப்பித்தேன். ஒன்றை இங்கே நேர்மையாகச் சொல்லவேண்டும். கூகை மாதிரிக் குசினியில் தனியே நின்று பழகியதில், தெர்மோபுளொக்கின் குணங்கள் எனக்கு மெல்ல மெல்லப் பிடிபட்டன. வெறும் தண்ணீரை ஒருதரம் ஓடவிட்டுப் பிறகு கோப்பியைப் போட்டால் சூடு ஓரளவு நிற்கும். அப்படியும் முதல் கோப்பை கொஞ்சம் ஆறினதாய்த்தான் வரும். இரண்டாவதுதான் கோப்பி. பாலுக்கு நீராவி வரும்வரை இருபது, இருபத்தைந்து எண்ணவேண்டும். அந்த இடைவெளியில் ஆறாத தடிப்பான கோப்பை வேண்டும். இதையெல்லாம் தாளின் இரண்டு பக்கத்திலும் சேர்த்துக்கொண்டே வந்தேன். கெட்டது என்று எழுதிய சிலதை வெட்டி நல்லதுக்கு மாற்றினேன். தனி ஆளுக்கு இரண்டு கோப்பை போடவேண்டி வருகிறதே என்பதைத்தான் எந்தப் பக்கத்தில் எழுதுவது என்று தெரியவில்லை.

ஒவ்வொரு நாளும் நுரையைப் படம் எடுத்து அனுப்புவேன். அவ கட்டைவிரல் ஒன்றைத் திருப்பி அனுப்புவா. நாற்பத்திரண்டு கட்டைவிரல் என் போனில் இருக்கிறது. ஆவணியில் கோயில் திருவிழாவுக்கு வருவீரோ என்று கேட்டதற்கு “பாப்பம்” என்றா. எங்கள் ஊரில் ‘பாப்பம்’ என்றால் என்னவென்று எனக்குத் தெரியாதா? கந்தோரில் நானே எத்தனை பேருக்கு அதைச் சொல்லியிருப்பேன். ஆனாலும் காலையில் நுரை நன்றாக வந்தால், அது ‘ஓம்’ என்பதற்குக் கிட்டத்தான் என்று தோன்றும். நுரை வராத நாளில் தோன்றாது. என் எதிர்காலத்தை ஒரு பால் கோப்பையில் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பதைச் சாத்திரம் சொல்கிறவர்கள் கேட்டால் வெட்கப்படுவார்கள்.

நாற்பதாம் நாள் அளவில் சத்தம் கூடி, வருவது குறைந்தது. பிறகு துளி துளியாய் விழுந்தது. நாற்பத்துமூன்றாம் நாள் பம்பு கத்தியது, ஒன்றும் வரவில்லை. ஒரு பழைய பெட்சீற்றில் சுற்றிக்கொண்டு, யாழ்ப்பாணத்துக் கொழும்புத்துறையில் இப்படியான சாமான்களைக் கழற்றிப் பூட்டும் ஒருவரிடம் பஸ்ஸில் போனேன். மடியில் வைத்திருந்தேன். பக்கத்து சீற்றில் இருந்த ஒரு அம்மா “சுகமில்லையோ?” என்று கேட்டா. குழந்தை என்று நினைத்துவிட்டா போல.

திருத்துகிறவர் கட்டியைக் கழற்றி ஒரு கம்பியால் குத்தினார். என் உள்ளங்கையை விரிக்கச் சொல்லி, வெள்ளைக் கல்லுத் துண்டுகளைக் கொட்டினார்.

“என்ன ஐயா இது, வீடு கட்டவோ வைச்சிருக்கிறியள்?”

“கொம்பனிப் பிழையாக்கும்” என்றேன். “எங்கடை கிணறு நல்ல தண்ணி.”

அவர் நிமிர்ந்து என்னை ஒருதரம் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் திரும்பவும் பார்த்தார்.

“நீங்கள் அந்தத் தண்ணிக் கந்தோர் ஐயா எல்லே? எங்கடை கிணத்துக்கு நீங்கள்தானே எழுதித் தந்தனீங்கள், கேத்தில் அடிக்கடி கழுவுங்கோ எண்டு. நான் உங்களோடை சண்டை பிடிச்சனான்.”

“சாமான் பிழை எண்டு சொன்னனீங்களோ?”

“ஓம்.”

“சரியாத்தான் சொல்லியிருக்கிறியள்” என்றேன். சிரித்தார். பத்து நாள் விட்டுவிட்டுப் போகச் சொன்னார், புளி அமிலத்தில் ஊறப்போட்டுப் பார்க்கிறாராம், வந்தால் வரும், இல்லாவிட்டால் இல்லை.

அந்தப் பத்து நாளில்தான் எனக்கு விஷயம் விளங்கத் தொடங்கியது. அனுப்ப நுரை இல்லை. காலை ஏழு மணிக்குப் போனில் இரண்டு பேரும் முகத்தைப் பார்த்துக்கொண்டு இருப்போம். சாப்பிட்டியளோ? ஓம். நீர் சாப்பிட்டீரோ? ஓம். மழையோ? இல்லை. அதற்குப் பிறகு ஒன்றும் இருக்காது. அவ பிள்ளையைப் பார்த்து இங்கிலீசில் ஏதோ சொல்வா, நான் குசினியில் மெஷின் இருந்த இடத்தைப் பார்ப்பேன். நாற்பது வருடம் கலியாணம் கட்டியிருந்த இரண்டு பேருக்கு இடையில் கதைக்க இருந்தது ஒரு தெர்மோபுளொக்தான் என்பது, தாளில் எந்தப் பக்கத்திலும் நான் எழுதாத விஷயம்.

ஆறாம் நாள் மனுசியின் தம்பியார் வந்தார். கையில் வெறும் பை ஒன்று. வழக்கமாகக் கத்தரிக்காயோடு வருபவர்.

“அத்தான், அக்காவின்ரை அலுமாரித் திறப்பு எங்கை?”

“ஏன், சீலை கட்டப்போறீரோ?”

அவர் சிரிக்கவில்லை. “நூல் சீலையள் எல்லாத்தையும் பாசலிலை போடட்டாம். அங்கை இப்ப வெய்யில் காலம் வருதாம்.”

“எல்லாத்தையுமோ?”

“எல்லாத்தையும் எண்டுதான் சொன்னவ. உங்களுக்குச் சொல்லேல்லையோ?”

“சொன்னவ, சொன்னவ” என்றேன். அவ சொல்லவில்லை. திறப்பை எடுத்துக் கொடுத்தேன். பதினொரு சீலை. ஒவ்வொன்றாக மடித்துக் கொடுத்தது நான்தான். அவர் பையில் வைத்துக்கொண்டே, “அத்தான், இதிலை ஒண்டை வைச்சிருங்கோவன், மெஷினை மூட” என்றார். என்னை மாதிரிப் பகிடி விட்டுப் பார்த்தார், பாவம், வரவில்லை. “வேண்டாம், அவ எண்ணிப்பார்ப்பா” என்றேன். அலுமாரிக்குள் ஒரு தட்டு முழுக்க வெறுமையாகப் போய்விட்டது. அங்கே போட்டிருந்த பழைய பேப்பர் மட்டும் சீலை இருந்த அளவுக்கு மங்காமல் இருந்தது.

திரும்பி வருகிற ஆள் சீலையை அனுப்பச் சொல்லாது. இதை விளங்கிக்கொள்ள முப்பத்தொரு வருட உத்தியோகம் தேவையில்லை. ஆனால் நான்தான் முதலிலேயே சொன்னேனே என்னைப் பற்றி. பத்தாம் நாள் காலையில் முதல் பஸ்ஸில் கொழும்புத்துறைக்குப் போனேன்.

மெஷின் பிழைத்துவிட்டது. இனிக் கிணற்றுத் தண்ணீர் ஒரு சொட்டும் விடக்கூடாது என்று சத்தியம் வாங்காத குறையாகச் சொல்லி அனுப்பினார். வரும் வழியில் சுத்திகரித்த தண்ணீர்க் கான் ஒன்று வாங்கினேன். மூன்று தெருச் சனம் அள்ளிய கிணற்றைத் தாண்டி, கடைத் தண்ணீரைத் தோளில் சுமந்துகொண்டு குசினிக்குள் போனேன். வாளி கயிற்றோடு அப்படியே கிணற்றுக் கட்டில் இருந்தது. அதை நான் நிமிர்ந்து பார்க்கவில்லை.

அடுத்த நாள் காலை இரண்டு கோப்பை போட்டேன். வாங்கின நாளிலிருந்து அப்படியொரு நுரை வந்ததில்லை. படத்தை எடுத்து அனுப்பினேன். அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. ஒற்றை விரலால் குத்திக் குத்தி, கண்ணாடியை ஏற்றி இறக்கி, முக்கால் மணித்தியாலம் எழுதினேன்.

‘இஞ்சேரும். மெஷின் திருத்தியாச்சு. தண்ணிப் பிரச்சினையும் தீந்துது, கானிலை வாங்கி வைச்சிருக்கிறன். உதிலை ஒரே குறை, முதல் கோப்பை கொஞ்சம் ஆறித்தான் வரும். அதைப் பற்றி யோசிக்க வேண்டாம், அதை நான் குடிப்பன். சூடான ரெண்டாவது கோப்பை ஒவ்வொரு நாளும் உமக்கு. சீலையள் அனுப்பியாச்சு. உம்மடை மற்றச் சாமான் எல்லாம் இருந்த இடத்திலை இருக்கு. எப்ப வாறீர் எண்டு ஒரு திகதி சொன்னா நல்லது.’

அவ வாசித்ததற்கு அடையாளமாய் இரண்டு சரிக் கோடும் நீலமாகின. எழுதுகிறா என்று காட்டியது. நின்றது. திரும்ப எழுதுகிறா என்று காட்டியது. நான் முதல் கோப்பையைக் குடித்து முடித்தேன். மேசையில் மற்றக் கோப்பையின் நுரை அமர்ந்து ஓரத்தில் ஒரு வளையமாய் ஒட்டிக்கொண்டது. அப்போது வந்தது:

‘நான் கோப்பியை விட்டுக் கனநாள்.’