அக்குளில் இடுக்கிய கம்பி

என் அக்காவைப் போல ஒரு பயந்தாங்கொள்ளியை நான் பார்த்ததில்லை. லிஃப்டில் ஏற மாட்டாள். குளியலறைக் கதவுக்குத் தாழ் போட மாட்டாள். "நான் குளிக்கிறேன், யாரும் வராதீங்க" என்று கத்திக்கொண்டே குளிப்பாள். அப்படிப்பட்டவளுக்கு வாய்த்த வேலை, ஐஸ்கிரீம் கம்பெனியின் ஃப்ரீசர் அறைக்குள் பெட்டி அடுக்குவது. "அங்க போய் ஏன்க்கா மாட்டிக்கிட்ட?" என்று கேட்டால், "கதவுக்கு வெளிய எப்பவும் ஆள் இருக்காங்கடி" என்பாள்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. அறை வாசலில் வரிசையாக ஆணிகள், ஆணிக்கு ஒரு கனத்த ஜெர்கின். உள்ளே போகிறவர் ஒன்றை மாட்டிக்கொண்டு போவார். ஆணி காலியாக இருந்தால் உள்ளே ஆள் இருக்கிறது என்று அர்த்தம். பூட்டுகிறவர் ஆணிகளைத்தான் பார்ப்பார், அறையை அல்ல. ஆனால் ஒரே ஒரு பெட்டியை எடுப்பதற்கு யாரும் ஜெர்கின் போடுவதில்லை. போனதும் தெரியாமல் வந்ததும் தெரியாமல் ஓடி வந்துவிடுவார்கள்.

அந்தச் சனிக்கிழமை காலை பாதுகாப்பு வகுப்பு நடந்தது. வெளியிலிருந்து வந்த பயிற்சியாளர் பலகையில் மும்மூன்றாக ஒன்பது புள்ளிகள் வைத்து, பலகையிலிருந்து சாக்பீஸை எடுக்காமல் நான்கே நேர்கோடுகளில் எல்லாவற்றையும் இணைக்கச் சொன்னார். அக்காவைத்தான் கூப்பிட்டார். பயப்படுகிறவர்களைக் கண்டுபிடிக்க இவர்களுக்கென்று தனிக் கண் இருக்கிறது. எப்படிப் போட்டாலும் ஒரு புள்ளி மிஞ்சியது. அவர் சாக்பீஸை வாங்கி, புள்ளிகளைத் தாண்டி வெற்றிடம் வரைக்கும் கோட்டை இழுத்து, அங்கிருந்து சாய்த்துத் திருப்பி முடித்துவிட்டார்.

"வெளிய போகக்கூடாதுன்னு நான் சொன்னேனா?"

"சொல்லல சார். ஆனா இது போங்கு" என்றாள் அக்கா. எல்லோரும் சிரித்தார்கள்.

மதியம் வேலை முடிகிற நேரம். ஒரு பெட்டி குறைகிறது என்று வண்டி டிரைவர் சொல்ல, அக்கா ஜெர்கின் இல்லாமல் உள்ளே ஓடினாள். டிரைவரோ பொறுமையில்லாமல் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். கை கழுவிவிட்டு வந்தாள் கூட வேலை செய்யும் பெண். அவளை எல்லோரும் அவசரக்காரி என்றுதான் சொல்வார்கள். ஆணிகளைப் பார்த்தாள். எல்லா ஜெர்கின்களும் இருந்தன. விளக்கை அணைத்து, கதவைச் சாத்திப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

கும்மிருட்டு. உள்ளிருந்து திறக்கும் குமிழை அக்கா தடவிக் கண்டுபிடித்துத் தள்ளினாள். பனி மூடி அது இறுகிப் போயிருந்தது. தொண்டை கிழியக் கத்தினாள். அந்தக் கதவின் கனத்துக்குச் சத்தம் எங்கே வெளியே கேட்கும்? மறுநாள் விடுமுறை. அவள் எங்கள் வீட்டுக்கு வந்திருப்பாள் என்று அத்தான் நினைத்தார். நானோ அவள் தன் வீட்டில் இருக்கிறாள் என்று வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தேன்.

கதவில் அடித்து அடித்து விரல்கள் மரத்துவிட்டன. பிள்ளைகளின் முகம் ஞாபகம் வந்ததாம். கூடவே, அவளுக்கே எரிச்சலாக, அந்தப் பாழாய்ப்போன ஒன்பது புள்ளிகளும். கோடு வெளியே போகும், சரி. நான் எப்படிப் போவேன்? இங்கிருந்து எதுதான் வெளியே போகிறது?

சென்சார் கம்பி போகிறது. அதன் நுனி விசிறிக்குப் பக்கத்தில் தொங்கும். மறுமுனை சுவரைத் துளைத்துக்கொண்டு வெளியே போகும். அறையில் சூடு ஏறினால் என்ஜினீயரின் போனில் அலாரம் அடிக்கும். "செத்தாலும் அதுல மட்டும் கை வைக்காதீங்க" என்று அவர் சொல்லி வைத்திருந்தார். அக்கா சொல்பேச்சு கேட்பவள். அன்றைக்குத்தான் முதல்முறையாகக் கேட்கவில்லை. அவளைத் தேடி யாரும் வரப்போவதில்லை. ஐஸ்கிரீமைத் தேடி வருவார்கள்.

பெட்டிகள் மேல் ஏறி, இருட்டில் துழாவி, கம்பியின் நுனியை இழுத்து, காய்ச்சல் பார்ப்பது போல அக்குளில் இடுக்கிக்கொண்டாள். அறை சூடாகிவிட்டது என்று இயந்திரம் நம்பியது. நம்பி, விசிறியை முழு வேகத்தில் ஓட்டி, பனிக்காற்றை நேராக அவள் முகத்தில் அடித்தது. உடம்புச் சூட்டைக் கொடுத்தால்தான் ஆள் வரும். கொடுக்கக் கொடுக்கக் குளிர் ஏறும். அலாரம் உடனே அடிக்காது என்பதும் அவளுக்குத் தெரியும். தன் உடம்பில் இன்னும் எவ்வளவு சூடு மிச்சம் என்பதுதான் தெரியவில்லை.

என்ஜினீயர் திட்டிக்கொண்டேதான் வந்திருக்கிறார். கதவைத் திறந்ததும் அக்காவைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்கிறார். ஆஸ்பத்திரி வராந்தாவில் என்னிடம் சொன்னார்: "வெளிய போர்டுல நம்பர் ஏறியிருந்துச்சும்மா. நான் பார்க்கப் பார்க்கவே அது இறங்க ஆரம்பிச்சுது. இன்னும் கொஞ்சம் லேட்டாகியிருந்தா அலாரம் தானா நின்னிருக்கும். நானும் பாதி வழியில திரும்பிப் போயிருப்பேன்." நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

உள்ளே நர்ஸ் அக்காவின் அக்குளில் தெர்மாமீட்டர் வைத்திருந்தார். அது பீப் என்றதும் எடுக்கப் பார்த்தார். அக்கா கையை இறுக்கிக்கொண்டு விட மறுத்தாள்.

"விடுக்கா, நான்தான் வந்திருக்கேன்" என்றேன்.

அவள் கண்ணைத் திறக்கவில்லை.

"எடுக்காதீங்க" என்றாள். "இன்னும் யாரும் வரல."