அபூ ஸாலிஹ் வீட்டுத் திறப்பு

காத்தான்குடியில் வாவியை நோக்கி இறங்கும் ஓர் ஒழுங்கையில், றவூப் ஹாஜியார் பெண்களை வைத்து அபாயா தைப்பிக்கும் மண்டபம் இருக்கிறது. அங்கே ஒருத்தி கத்தரிக்கோலை மடிக்கடியில் ஒளித்து வைத்துக்கொண்டு, "எனக்கிட்ட இல்ல" என்று சொல்லிப் பார்க்கட்டும். மெசின்கள் அத்தனையும் நின்றுவிடும். "மறுகா என்னத்துக்குத் திறப்பு?" என்று எல்லோரும் ஒரே குரலில் கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரிப்பார்கள். மற்ற ஊர்க்காரர் 'பிறகு' என்பதை இந்தப் பக்கத்தில் 'மறுகா' என்பார்கள். சாவியைத் திறப்பு என்பார்கள். இவ்வளவும் தெரிந்திருந்தும், வேலைக்குப் புதிதாக வந்த பிள்ளை முழித்துக்கொண்டுதான் நிற்கும். இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று விளங்க வேண்டுமானால், ஜன்னலோரம் உட்கார்ந்து அபாயாக் கைகளில் கல்லும் மணியும் வைத்துத் தைக்கும் பஹீமாவைத் தெரிந்திருக்க வேண்டும்.

பஹீமா குவைத்தில் ஒரு வீட்டில் பத்துப் பன்னிரண்டு வருஷம் வேலை செய்துவிட்டு வந்தவள். அவள் அங்கே இருந்த காலத்தில் இங்கே அவளுடைய வீடு எழும்பியது. அதில் குடியிருக்க வேண்டிய புருஷன்தான் இல்லாமல் போனான். மண்டபத்தில் வந்து சேர்ந்த புதிதில் அவளிடம் என்ன கதைப்பது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. அவளும் வாயைத் திறக்கவில்லை. அது அவளுக்குப் பழக்கமாகியிருந்தது. குவைத்து வீட்டில் அவளிடமிருந்து தேவைப்பட்டதெல்லாம் 'ஸேன்' என்ற ஒரே சொல். சரி, நல்லது, இப்போதே செய்கிறேன், எல்லாவற்றுக்கும் அதுதான். கெட்ட வீடு என்று சொல்ல முடியாது. வயிறு நிறையச் சாப்பாடு இருந்தது, அடி உதை இல்லை. கதைக்கத்தான் ஆள் இல்லை.

ஒருநாள் தேத்தண்ணி நேரத்தில், அந்த நாட்டுப் பெண்களுக்குத் தலைமயிர் நல்ல நீளமாமே என்று யாரோ சும்மா கேட்டார்கள்.

"ஓம்" என்றாள் பஹீமா. "எங்கட மாமா குளிச்சிட்டு வந்து தலைய விரிச்சுப் போட்டா இடுப்பு மட்டும் கிடக்கும்."

கோப்பைகள் பாதி வழியில் நின்றன. "ஆருக்கு?" என்று கேட்டாள் றஸீனா. தைத்து முடிந்த உடுப்பையெல்லாம் விரித்துப் பார்த்துப் பிழை பிடிப்பது றஸீனாவின் வேலை. மனிதர்களையும் அவள் அப்படித்தான் பார்ப்பாள்.

"மாமாவுக்கு. நகத்துக்குச் சாயமும் பூசுவா."

அதன் பிறகுதான், அங்கே வீட்டுக்காரியை 'மாமா' என்றும் அவளுடைய புருஷனை 'பாபா' என்றும் கூப்பிட வேண்டும் என்பதை பஹீமா விளங்கப்படுத்தினாள். விளக்கம் யாருடைய காதிலும் விழவில்லை. நகத்துக்குச் சாயம் பூசிய மாமா ஒவ்வொருத்தியின் கண்முன்னும் மீசையோடு வந்து நின்றார். சிரிப்பு அடங்குவதற்குள் தேத்தண்ணி ஆறிப்போயிற்று.

இந்தச் சிரிப்பு பஹீமாவுக்குத் தெரியும். பல வருஷம் கேட்டிருக்கிறாள், ஆனால் எப்போதும் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்துதான்.

குவைத்தில் நோன்பு மாதம் பிறந்தால் டீவியில் சிரிக்க வைக்கும் பகிடி நாடகங்கள் தொடங்கிவிடும். நோன்பு திறந்த கையோடு வீட்டார் எல்லோரும் ஹோலில் வந்து உட்காருவார்கள். அவர்கள் பார்த்தது அபூ ஸாலிஹ் என்ற மகா கஞ்சனின் வீட்டுக் கதை. ஃப்ரிஜ்ஜுக்குப் பூட்டுப் போட்டு, திறப்பை நூலில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டு, மணிக்கொருதரம் நெஞ்சைத் தட்டிப் பார்த்துக்கொள்ளும் மனிதன். அவனை ஒரு சொல்லில் மடக்கும் பெண்சாதி. இரண்டு நாளைக்கென்று வந்து வருஷக்கணக்காகப் படுத்துக் கிடக்கும் மச்சினன். தேத்தண்ணித் தட்டோடு வந்துபோகும் வேலைக்காரி. ஒவ்வொரு நாளும் அதே வீடு, அதே ஆட்கள், அதே குணம். அபூ ஸாலிஹ் ஒருநாளும் திருந்தமாட்டான். திருந்திவிட்டால் அடுத்த நாள் அந்த வீட்டில் பார்க்க என்ன இருக்கிறது?

பஹீமா தட்டைப் பிடித்தபடி கதவடியில் நின்று பார்ப்பாள். முதல் வருஷம் பாஷை பிடிபடவில்லை. அதனால் டீவியை விட்டுவிட்டுப் பார்க்கிறவர்களின் முகங்களைப் பார்த்தாள். பகல் முழுக்க முகத்தை உம்மென்று வைத்திருக்கும் மாமா, கண்மை கன்னத்தில் வழிய வழியச் சிரித்தாள். பாபா பிள்ளையின் தோளைப் பிடித்துக்கொண்டு குலுங்கினார். ஒரு பெட்டிக்குள் இருக்கும் மனிதர்கள் இவர்களை எங்கே தொட்டு இப்படி ஆக்குகிறார்கள்? அந்தக் கேள்வி அவளை விடவில்லை. வேறு நினைப்பதற்கும் அங்கே அவளுக்கு ஒன்றும் இருக்கவில்லை.

பார்க்கப் பார்க்க ஒரு விஷயம் பிடிபட்டது. அபூ ஸாலிஹ் விழும்போது வருவது சின்னச் சிரிப்பு. பெரிய சிரிப்பு அவன் விழுவதற்கு முன்னால் வருகிறது. அவன் ஒன்றை மறைக்கிறான். அது நமக்குத் தெரியும். நமக்குத் தெரிந்துவிட்டது என்பது அவனுக்குத் தெரியாது. சிரிப்பு அந்த இடைவெளிக்குள் இருந்துதான் கிளம்புகிறது. இதைக் கண்டுபிடித்த நாளில் பஹீமா தட்டோடு அப்படியே நின்றுவிட்டாள். உலகத்தில் அவளுக்கு மட்டும் அல்லாஹ் ஏதோ சொல்லித்தந்தது போல இருந்தது.

ஆனால் ஒருநாளாவது அவள் நாடகத்தை முடிவு வரைக்கும் பார்த்ததில்லை. பாதியில் சட்டி பானை கழுவப் போக வேண்டும். குழாயடியில் நுரைக்குள் கையை விட்டுக்கொண்டு நிற்கும்போதுதான் ஹோலில் கடைசிச் சிரிப்பு வெடிக்கும். பகிடி கேட்காது, சிரிப்பு மட்டும் சுவரைத் தாண்டி வரும். துணியைக் காட்டாமல் அளவை மட்டும் கொடுத்துவிட்டுப் போவதைப் போன்ற வேலை அது. இவ்வளவு பெரிய சிரிப்புக்கு அங்கே என்ன நடந்திருக்கும்? கடைசிக் கோப்பையைக் கவிழ்த்து வைப்பதற்குள் அந்த அளவுக்குப் பொருந்தும் ஒரு முடிவை அவளே தைத்துவிடுவாள்.

மண்டபத்தில் மாமா கதைக்குப் பிறகு அவளை விடுவாரில்லை. அடுத்து அவள் வாயில் அபூ ஸாலிஹ் வந்தான். அவன் திறப்பைத் தொலைத்த கதையை அவள் முதன்முதலாகச் சொன்னபோது, விருந்தாளிகளுக்கு ஊற்றி வைத்த தேத்தண்ணிக் கிளாஸ்களில் ஏதோ ஒன்றுக்குள் திறப்பு நூலறுந்து விழுந்துவிட்டது வரைக்கும் வந்தாள். அபூ ஸாலிஹுக்கு வாய்விட்டுத் தேட முடியாது. ஃப்ரிஜ்ஜுக்குள் ஒன்றுமே இல்லை என்று விருந்தாளிகளிடம் அப்போதுதான் சத்தியம் பண்ணாத குறையாகச் சொல்லியிருக்கிறான். "குடிங்க, குடிங்க" என்று ஒவ்வொருவருடைய கிளாஸுக்குள்ளும் எட்டி எட்டிப் பார்க்கிறான். குவைத்தில் அன்றைக்கு பஹீமா சட்டி கழுவப் போனது அந்த இடத்தில்தான்.

"மறுகா?" என்றாள் றஸீனா.

சட்டி கழுவப் போனேன் என்று எப்படிச் சொல்வது? எல்லோரும் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். பஹீமா கல் வைத்த நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். அறுத்த கையோடு சொன்னாள்: "மறுகா வேலைக்காரி மைமூன் வந்தா, கிளாஸெல்லாம் எடுக்க. 'பாபா, திறப்பு எனக்கிட்டதான் இரிக்கு. ஃப்ரிஜ்ஜுக்குள்ள ஒண்டும் இல்ல எண்டுதானே சொன்னீங்க, மறுகா என்னத்துக்குத் திறப்பு?' எண்டு கேட்டா."

அன்றைக்குப் பிடித்ததுதான். ஒவ்வொரு கதையிலும் கடைசிச் சொல் வேலைக்காரி மைமூனுடையதாயிற்று. அவசரமில்லாத, கொஞ்சம் கரகரத்த அவளுடைய குரலில் பஹீமா பேசினால், ஊசி நூல் கோத்துக்கொண்டிருப்பவள்கூடக் கையை நிறுத்திவிடுவாள். மைமூன் சொன்னதையெல்லாம் பெண்கள் வீட்டுக்குக் கொண்டுபோய்ப் புருஷன்மாரிடம் பிரயோகித்தார்கள். குவைத்துக்காரி என்ற பெயர் போய், பிழை பிடிக்கும் றஸீனாவே தேத்தண்ணியை முதலில் அவளிடம் நீட்டும் அளவுக்கு வந்தது. முடிவுகள் தன்னுடையவை என்பதை பஹீமா யாரிடமும் சொல்லவில்லை. யாரும் கேட்கவுமில்லை. நாடகத்தின் பெயர் ஞாபகமில்லை என்று மட்டும் சொல்லி வைத்திருந்தாள்.

மண்டபத்தில் எல்லோரிலும் இளையவள் இன்ஷிரா. அன்பு மிகுதியில்தான் அவள் அந்த வேலையைச் செய்தாள். குவைத்தில் கடையொன்றில் நிற்கும் அவளுடைய அண்ணன் றமீஸ் காக்காவிடம் சொல்லி, அவன் அங்கே முதலாளியிடம் விசாரித்து, பழைய நாடகத்தை யூடியூபில் தேடிப் பிடித்து அனுப்பிவிட்டான்.

"திறப்புக் கதைதான் ராத்தா, முழுசா இரிக்கு" என்று பஹீமாவிடம் சொன்னாள் இன்ஷிரா. "நாளைக்குத் தேத்தண்ணிக்கு எல்லாரும் சேந்து பாப்பம்."

"ஸேன்" என்றாள் பஹீமா. வருஷக்கணக்காக அவள் வாயில் வராத சொல் அது.

மறுநாள் வராமல் விட்டுவிடலாமா என்று யோசித்தாள். வராவிட்டாலும் அவர்கள் பார்க்கத்தான் போகிறார்கள். பொய்க்காரி என்று சொல்லமாட்டார்கள், அவ்வளவு கெட்டவர்கள் இல்லை. இனிமேல் "மறுகா?" என்று கேட்கமாட்டார்கள். கேட்க ஆளில்லாவிட்டால் அவள் மறுபடியும் ஒற்றைச் சொல்லோடு அந்த ஜன்னலோரத்தில் உட்கார வேண்டியதுதான். எப்படியோ வந்து சேர்ந்தாள்.

அயன் பண்ணும் மேசையில் சீனி டின்னோடு சாய்த்து போனை நிறுத்தினார்கள். அபூ ஸாலிஹ் வந்ததும் மண்டபமே கலகலத்தது. அதே வயிறு, அதே நெஞ்சுத் தட்டு. அறபு விளங்காமலே சரியான இடங்களில் சிரித்தார்கள், அவ்வளவும் அவர்களுக்கு மனப்பாடம். "சொல்லுக்குச் சொல் அப்படியே இரிக்கு" என்றாள் றஸீனா. பஹீமாவும் தன்னை மறந்து சிரித்தாள்.

தேத்தண்ணித் தட்டோடு வேலைக்காரி வந்தாள். "மைமூன்" என்று எல்லோரும் ஒன்றாகக் கூப்பிட்டார்கள், சொந்தக்காரியைக் கண்டது போல. அவள் கிளாஸ்களை வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

"இனித்தான் கதைப்பா" என்றாள் இன்ஷிரா.

திறப்பு தேத்தண்ணிக்குள் விழுந்தது. அபூ ஸாலிஹ் எட்டி எட்டிப் பார்த்தான். இதற்கு அங்கால் பஹீமா பார்த்ததில்லை. வேலைக்காரி திரும்ப வந்தாள். படத்தில் அவளுடைய கைகளும் ஒரு பக்கத் தோளும்தான் தெரிந்தன. வெற்றுக் கிளாஸ்களை எடுத்தாள். ஒருவரும் அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. அவள் ஒன்றும் சொல்லவில்லை. வந்த வழியே போனாள். பிறகு அபூ ஸாலிஹ் தன் கிளாஸைக் குடித்துப் புரையேறி, திறப்பு பல்லுக்கிடையில் நிற்க, விருந்தாளிகள் கைகொட்டிச் சிரித்தார்கள். நல்ல பகிடிதான். மண்டபத்தில் ஒருத்தியும் சிரிக்கவில்லை. எல்லோரும் வேலைக்காரி திரும்பி வருவாள் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நடித்தவர்களின் பெயர்கள் கீழிருந்து மேலே போயின. குர்ஆன் ஓதப் படித்த பெண்கள், அர்த்தம் தெரியாவிட்டாலும் அறபு எழுத்துத் தெரியும். எழுத்துக் கூட்டி வாசித்தார்கள். அபூ ஸாலிஹ் இருந்தான், பெண்சாதி இருந்தாள், ஒரு வார்த்தை பேசிய அயல்வீட்டுக்காரன்கூட இருந்தான். வேலைக்காரிக்குப் பெயரே போடவில்லை.

பஹீமா திகைத்துப்போய் உட்கார்ந்திருந்தாள். முடிவுகள் தன்னுடையவை என்று அவளுக்குத் தெரியும். ஆனால் மைமூன்? அந்தக் கரகரத்த குரலை ஒவ்வொரு நோன்பிலும் டீவியில் கேட்டதாகவே அவள் நம்பியிருந்தாள். அது யாருடைய குரல்? அந்த வீட்டில் ஒருநாளும் சத்தமாகக் கேட்டிராதபடியால், தன் குரலைத் தனக்கே அடையாளம் தெரியாமல் போயிருக்கிறது. யா அல்லாஹ் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். பயந்துகொண்டு வந்தவளுக்கு அந்தப் பயத்தைக்கூட நினைக்க முடியவில்லை, அவ்வளவு ஆச்சரியமாக இருந்தது.

"அப்ப மைமூன் ஆரு?" என்று கேட்டாள் இன்ஷிரா.

"உனக்குக் கண்ணில்லயா புள்ள" என்றாள் றஸீனா.

எல்லோரும் மெல்லத் திரும்பி பஹீமாவைப் பார்த்தார்கள். அவர்கள் முகத்தில் கோபமில்லை. பெருநாள் பிறையைத் தேடிக் கண்டவர்களின் முகமாக இருந்தது.

றஸீனா எழும்பி, போனை விரலால் பின்னுக்குத் தள்ளினாள். தட்டைப் பிடித்தபடி வேலைக்காரி வாசலில் நிற்கும் இடத்தில் நிறுத்தினாள். கதவு, தட்டு, மூடிய வாய். பிறகு பஹீமாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"மறுகா?" என்றாள்.

பஹீமா கையிலிருந்த நூலைக் கடித்து அறுத்தாள். "பாபா, திறப்பு எனக்கிட்டதான் இரிக்கு" என்று தொடங்கினாள். அவள் முடித்ததும் எழுந்த சிரிப்பில், ஒழுங்கையில் சைக்கிளில் போனவன் இறங்கி நின்று பார்த்தான். குழாயடியில் நின்று கேட்ட சிரிப்பைவிட அது பெரிதாக இருந்தது.