தணிகாசலத்தின் பாசிச் சோறு

செய்தி கைப்பேசியில்தான் வந்தது. எங்கள் கம்பெனி வாட்ஸ்அப் குழுவில், ஷிப்ட் மாற்றம் பற்றிய அறிவிப்புக்குக் கீழே, 'டிரைவர் தணிகாசலம் இன்று காலை காலமானார்' என்று ஒரே ஒரு வரி. அதற்குக் கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள். கைகள் முடிவதற்குள் யாரோ ஒருவர், இன்றைக்கு கேன்டீனில் என்ன குழம்பு என்று கேட்டிருந்தார். எனக்கு அருவருப்பில் உடம்பு கூசியது. ஆனால் அந்த ஆளைத் திட்டும் யோக்கியதை எனக்கு இல்லை. செய்தியைப் படித்துவிட்டு நான் என் மனைவியிடம் சொன்ன முதல் வார்த்தை இதுதான்: "பாசியும் பச்ச மீனுமா தின்னுக்கினு இருந்தா வேற என்னா ஆவும்?"

அவர் எதைத் தின்றும் சாகவில்லை. மேனேஜரை இறக்கிவிட்டு, காரை ஓரமாக நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, இன்ஜினை அணைத்த பிறகு மாரடைப்பு வந்திருக்கிறது. சர்க்கரை இல்லை, கொதிப்பு இல்லை, குடி இல்லை. அவரை அறியாதவர்களுக்காகவும், அறிந்ததாக நினைத்துக்கொண்டிருந்த என்னைப் போன்றவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

தணிகாசலம் அவர்கள் ஐயம்பேட்டை காலனியில் பிறந்தவர். அவருடைய பெற்றோர் தென்னேரியில் எங்கள் உறவினர்களின் நிலங்களுக்கு நடவுக்கும் அறுப்புக்கும் வந்தவர்கள். இவர் லாரி கிளீனராகி, டிரைவராகி, பிறகு ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் ஜப்பான் கம்பெனியில் மேனேஜரின் காரை ஓட்ட வந்தார். நான் அதே கம்பெனியில் ஸ்டோர்ஸ் பிரிவில் இருக்கிறேன். என்னைவிட அவர் நான்கு வயது மூத்தவர். இருந்தும் அவர் என்னை 'சார்' என்றார், நான் அவரை 'வாப்பா, போப்பா' என்றேன். பதினொரு வருடம் அப்படியே ஓடியது. இப்போது 'அவர்கள்' போட்டு எழுதும்போது என் முகத்தில் நானே துப்பிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

மாலையில் கம்பெனி வேனில் இருவரும் ஒரே சீட்டில் வருவோம். அவர் ஐயம்பேட்டையில் இறங்குவார், நான் காஞ்சிபுரம் வரை போவேன். அந்த வேனில்தான் முதல் ஜப்பான் சாப்பாட்டுக் கதையைச் சொன்னார்.

"ஓட்டல் வாசல்ல வண்டியிலயே ஒக்காந்துக்கினு இருந்தேன் சார். நம்ம ஜப்பான் மேனேஜரு வெளிய வந்து, உள்ள வான்றாரு. சாப்ட்டேன்னு பொய் சொன்னேன். சரின்னு உள்ள போனவரு, கைய கட்டிக்கினு ஒக்காந்துட்டாரு. கண்ணாடி வழியா தெரியுது. எதிர்ல சோறு ஆறிக்கினு இருக்குது, தொடமாட்டேன்றாரு. நான் போயி எதிர்ல ஒக்காந்த அப்பறம்தான் கைய வெச்சாரு."

"என்னத்தப்பா குடுத்தான்?"

"பச்ச மீனு சார். கொமட்டிக்கினு வந்துச்சி. முழுங்கிட்டேன். எனக்காவ ஒருத்தரு பசியோட ஒக்காந்துக்கினு இருக்காரு, அவரு எதிர்ல துப்பவா முடியும்?"

அன்றிலிருந்து அவருக்கு அது ஒரு பைத்தியமாகப் பிடித்துக்கொண்டது. ஒருநாள் என்னையும் அதே ஓட்டலுக்கு அழைத்துப் போனார். நானும் மீன் தின்கிறவன்தான். எங்கள் ஊர் ஏரி விரால் குழம்பை மூன்று நாள் சுண்டவைத்து நக்குகிற நாக்கு எனக்கு. ஆனால் அந்த இளஞ்சிவப்புத் துண்டை வாயில் வைத்ததும், என் நாக்கின் மேல் வேறு எவனோ தன் நாக்கை வைத்தது போல் இருந்தது. குளிர்ச்சியாக, வழவழவென்று, அசையாமல். துடைக்கும் தாளில் துப்பி, எங்கே போடுவது என்று தெரியாமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். ஞாபகம் வந்து எடுத்தபோது வேன் வாலாஜாபாத் தாண்டியிருந்தது. அந்தச் சட்டையை என் மனைவி தனியாக ஊறவைத்தாள். தணிகாசலம் அவர்களோ, வேனிலேயே அதைப் பார்த்துக் கண்ணில் நீர் வரச் சிரித்தார். "எப்டி சார் இருக்குது?" என்று கேட்டார். எந்தக் கடையிலும் என்னை அப்படிக் கேட்காமல் விட்டதில்லை. "நல்லா இருக்குதுப்பா" என்று நானும் எல்லாக் கடையிலும் பொய்தான் சொன்னேன்.

பிறகு ஸ்ரீபெரும்புதூரில் ஜப்பான்காரர்களும் கொரியாக்காரர்களும் சாமான் வாங்குகிற ஒரு சிறிய மளிகைக் கடையைக் கண்டுபிடித்தார். அங்கே குளிர்பெட்டியில் முக்கோணமாகப் பிடித்த சோற்றை அடுக்கி வைத்திருப்பார்கள். உள்ளே மீனோ ஊறுகாயோ இருக்கும், மேலே கறுப்பாகக் கடற்பாசித் தாள் சுற்றியிருக்கும். காரில் சாய்ந்து நின்று, உறையைப் பக்குவமாகக் கிழித்து, கண்ணை மூடிக்கொண்டு தின்பார். சித்திரையில் ஏரி வற்றும்போது கரையில் பாசி காய்ந்து ஒரு நாற்றம் எழும். அந்தத் தாளில் எனக்கு அதே நாற்றம் அடித்தது. முதல் நாள் ஒரு கடி கடித்ததோடு சரி, பிறகு நான் நான்கடி தள்ளி நிற்பேன்.

காஞ்சிபுரத்தில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருக்கும் சைனீஸ் கடைக்கு மட்டும் நான் ஆசையோடு போவேன். ஆசை என்றேனே தவிர, அதுவும் ஒரு கண்றாவிதான். நூடுல்ஸ் சாயத் தொட்டியில் விழுந்த நூல் போலச் சிவந்திருக்கும். சமைக்கிற நேபாளக்காரரின் வேர்வை வாணலியில் சொட்டும். சொட்டுவதைப் பார்த்துக்கொண்டே நான் இரண்டு தட்டு தின்பேன். தணிகாசலம் அவர்கள் சாஸ் பாட்டிலை முகர்ந்து பார்த்து, இது சீனாவும் இல்லை, காஞ்சிபுரமும் இல்லை என்று குறை சொல்வார், ஆனால் ஒரு நூலையும் மீதி வைக்க மாட்டார். அங்கேதான் ஒருநாள், மிகச் சாதாரணமாகக் கேட்டார்.

"சார், ஆக்கறவரு யாரு, எந்தத் தெரு, என்னா ஆளுங்கன்னு எப்பனா கேட்டீங்களா?"

"அத ஏம்பா நான் கேக்கறேன்?"

"கேக்கல இல்ல? அதான் சார் எனக்கு இந்தக் கட எல்லாம் புடிக்கும்."

எனக்குச் சுருக்கென்றது. புரியாதது போல, இன்னும் கொஞ்சம் சாஸ் ஊற்றிக்கொண்டேன்.

ஏனென்றால் அவர் வீட்டுக்கு நான் போயிருக்கிறேன். பொங்கலுக்கு அழைப்பார். இரண்டு வருடம் போனேன். நான் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அவர் மனைவி செல்வி, கடைக்கு ஆள் அனுப்பி மூடி போட்ட கூல்டிரிங்ஸ் பாட்டில் வாங்கி வரச் சொல்லிவிடுவார். அந்த வீட்டில் எனக்கு யாரும் டீ கொடுத்ததில்லை, தண்ணீர் கொடுத்ததில்லை. எங்கள் ஆட்கள் காலனிக்குப் போனால் பாட்டில் மட்டும்தான் குடிப்பார்கள் என்று அவர்களுக்குத் தெரியும். நானாக எதையும் வேண்டாம் என்று சொன்னதில்லை. சொல்லவேண்டிய தேவையே வராமல் அவர்கள் பார்த்துக்கொண்டார்கள். அடுப்பில் பொங்கல் மணக்க, நான் உறிஞ்சுகுழலை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நினைத்தால் பச்சை மீன்கூடப் பரவாயில்லை என்று தோன்றுகிறது.

அதற்குப் பிறகு ஒருநாள் அவர் ஒரு டப்பாவோடு வேனில் ஏறினார். பாசித் தாளைக் கடையில் வாங்கி, வீட்டிலேயே சோற்றைக் குழைய வடித்து, நடுவில் வறுத்த நெத்திலிக் கருவாட்டை வைத்துப் பிடித்திருந்தார்கள். "செல்வி புடிச்சது சார். ஒண்ணு எடுங்க" என்று நீட்டினார். கண் அப்படிப் பளபளத்தது.

"எனக்கு அந்தப் பாசி நாத்தம் ஒத்துக்காதுப்பா" என்றேன்.

அது பொய் இல்லை. அதுதான் இதில் மிகக் கேவலமான விஷயம். பாசி எனக்கு நிஜமாகவே குமட்டும். அந்த நிஜத்துக்குப் பின்னால் இன்னொன்றை ஒளித்துவைக்க வசதியாக இருந்தது. கடையில் அதே பாசியை நான் ஒரு கடியாவது கடித்துப் பார்த்தவன் என்பது அவருக்கும் தெரியும். டப்பாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மெதுவாக மூடினார். "பரவால்ல சார், கடைக்கே போலாம்" என்றார். அதன்பின் ஒருநாளும் அவர் எனக்கு டப்பாவை நீட்டவில்லை. கோபித்துக்கொள்ளவும் இல்லை. கோபித்திருந்தால் நானும் பதிலுக்குக் கத்திவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன்.

சாவு வீட்டில் கம்பெனி ஆட்கள் மாலையைப் போட்டுவிட்டு, மரத்தடியில் நின்று, "கண்டதத் தின்னாருபா, அதான் நெஞ்ச அடச்சிக்கிச்சி" என்று பேசிக்கொண்டிருந்தார்கள். ஜப்பான் மேனேஜர் மட்டும் பேசாமல் குனிந்து நின்றார், நிமிரவே வெகுநேரம் ஆனது. நான் மரத்தடிக்கும் போகாமல், உள்ளேயும் போகாமல் நடுவில் நின்றேன்.

பதினாறாம் நாள் கருமாதிக்கு இரண்டு நாள் முன்பு செல்வி போன் செய்தார். "சார், படையல்ல அவருக்குப் புடிச்ச அந்தச் சோறு வெக்கணும். பாசித் தாளு தீந்துபோச்சி. கட எங்க இருக்குதுன்னு உங்களுக்குத்தான் தெரியும்." மறுநாளே ஸ்ரீபெரும்புதூர் போய் வாங்கினேன். கருமாதி அன்று கொண்டுபோய்க் கொடுத்தேன்.

தணிகாசலம் அவர்களின் அண்ணன் அந்தத் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து முகம் சுளித்தார். "என்னாம்மா இது, கார்பன் பேப்பர் கணக்கா? இத்தப் போயி படையல்ல வெப்பாங்களா?"

"பீடி புடிக்கறவருக்குப் பீடி வெக்கறீங்க, குடிக்கறவருக்கு குவாட்டர் வெக்கறீங்க. இவருக்கு இது புடிக்கும் மாமா" என்றார் செல்வி. அதோடு பேச்சு முடிந்தது.

சோறு வடித்து, ஆறவைத்து, உள்ளங்கையை நனைத்து நனைத்து அவரே பிடித்தார். வடைக்கும் கறிக்குழம்புக்கும் நடுவில் அந்தக் கறுப்பு முக்கோணங்கள் இலையில் உட்கார்ந்திருந்தன. கூரையில் வைத்ததைக் காக்கை வந்து கொத்தியது. பாசியைக் கிழித்து உதறிவிட்டுச் சோற்றை மட்டும் தின்றது. என் கட்சிக்கு ஓர் ஆள் கிடைத்தது என்று அந்த நேரத்திலும் எனக்குத் தோன்றியது.

பந்தி போட்டார்கள். என்னை யாரும் கூப்பிடவில்லை. கூப்பிட்டு எனக்குச் சங்கடம் உண்டாக்கக் கூடாது என்று கணவர் இறந்த பதினாறாம் நாளிலும் அந்த வீட்டில் யோசித்திருக்கிறார்கள். எனக்கு வந்த குமட்டல் பாசியால் வந்ததல்ல. வரிசையின் கடைசியில் இருந்த இலைக்கு முன்னால் போய் உட்கார்ந்தேன். பக்கத்தில் இருந்தவர் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார்.

செல்வி தட்டோடு வந்து நின்றார். "சார், உங்களுக்கு இது ஒத்துக்காதே."

"வைம்மா" என்றேன்.

இரண்டு வைத்தார். கடித்தேன். பாசி மேல்வாயில் ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. கருவாடும் பாசியும் சேர்ந்து தொண்டையில் ஏரி நாற்றம் ஏறியது. கண்ணில் நீர் முட்டியது. முழுங்கினேன். செல்வி நகராமல் பார்த்துக்கொண்டு நின்றார்.

"போன பொங்கலுக்கு வரேன்னு சொன்னீங்க இல்ல சார்," என்றார். "உங்களுக்குன்னு இதுல ரெண்டு எடுத்து மூடி வெச்சாரு. இந்த வாட்டி சார் கண்டிப்பா சாப்புடுவாரும்மான்னு சொல்லிக்கினே இருந்தாரு. சாயங்காலம் வரிக்கும் யாரையும் தொட வுடல."

நான் இரண்டாவதைக் கையில் எடுத்தேன். அவர் அடுத்த இலைக்குப் போய்விட்டார்.

போய் வாருங்கள், தணிகாசலம் அவர்களே. இரண்டையும் தின்று முடித்தேன். நன்றாகவே இல்லை. போன பொங்கலுக்கே வந்து, இதை உங்கள் முகத்துக்கு நேரே சொல்லியிருக்க வேண்டும்.