ஏலாது என்று சொல்லப் போன நாள்

மகளுக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்த வருடத்தில்தான் அங்கே கட்டணமும் வந்தது. ஜெர்மனியின் ஹம் நகரில் பாலர் பள்ளி தொடக்கம் படித்தவள். கூடப் படித்த ஜெர்மன் பிள்ளைகளுக்கு அரசின் படிப்புதவி இருந்தது. எங்கள் விசா வகைக்கு இல்லை. பள்ளியில் ஒரே வாங்கில் இருந்து, ஒரே மழையில் நனைந்து வளர்ந்த பிள்ளைகள்தான். கடவுச்சீட்டு மட்டும் வேறு. வசதியில்லாத வெளிநாட்டு மாணவர் என்றால் கட்டணத்தைத் தள்ளுபடி செய்யலாம், பெற்றோருடன் வந்து நிலைமையைச் சொல்லுங்கள் என்று பல்கலைக்கழகத்தில் ஒரு தெர்மீன், அதாவது சந்திப்பு நேரம், கொடுத்தார்கள். அது சரிவராவிட்டால் இடத்தை விட்டுவிட்டு முதியோர் இல்லமொன்றில் வேலைக்குச் சேர்வதாக அவள் முடிவெடுத்திருந்தாள்.

அன்று காலை என் கணவர் கோட்டுப் போட்டு, சப்பாத்தை மினுக்கி, சங்கிலி வெளியே தெரிய நின்றார்.

"அப்பா, கலியாண வீட்டுக்கோ?"

"கந்தோருக்கு இப்பிடித்தான் போகவேணும். இல்லாட்டி மனுசராய்ப் பார்க்கமாட்டினம்."

பல்கலைக்கழக அலுவலக அறையில் இருந்த பெண் மென்மையானவள். கோப்பி வேண்டுமா என்றுகூடக் கேட்டாள். பிறகு, குடும்பம் எப்படிச் சமாளிக்கிறது என்றாள்.

இவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். எங்களுக்கு ஒரு குறையுமில்லை, அரசாங்கத்திடம் எதுவும் வாங்கியதில்லை, வாங்கவும் மாட்டோம் என்றார். அவருடைய ஜெர்மனில் பிழையே இல்லாத வாக்கியங்கள் அவைதான்.

விசாக் கந்தோரில் ஒவ்வொரு முறையும் இதைச் சொல்லிச் சொல்லித்தானே இந்த நாட்டில் நின்றோம். யாருக்கும் பாரமில்லை என்று காட்டினால் அங்கே முத்திரை விழும். இங்கே தாங்க முடியவில்லை என்று காட்டினால்தான் பிள்ளைக்குப் படிப்பு. இத்தனை வருடம் பழகிய வாய், எந்தக் கதவில் நிற்கிறோம் என்று கேட்குமா?

மகள் தமிழில் மெல்லச் சொன்னாள்: "அப்பா, இது விசாக் கந்தோர் இல்லை. இவ எங்களைத் திருப்பி அனுப்பமாட்டா. உண்மையைச் சொல்லுங்கோ."

"சொன்னா, நாளைக்கு விசாவில கை வைப்பாங்கள் பிள்ளை."

"அப்ப நான் படிக்கேல்லை. எழும்புங்கோ, போவம்."

அவள் பையை எடுத்துவிட்டாள். இவர் எழும்பவில்லை. ஜன்னலுக்கு வெளியே மாணவர்கள் சைக்கிள்களைத் தள்ளிக்கொண்டு போனார்கள், சிரித்தபடி, யாருக்கும் எதையும் நிரூபிக்க வேண்டாதவர்கள்போல. இவர் அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏலாது," என்றார். முதலில் தமிழில்தான் வந்தது. பிறகு ஜெர்மனில், தடுக்கித் தடுக்கி: விடியற்காலைத் துப்புரவு வேலை, பின்னேரம் உணவகச் சமையலறை, நான் சலவைக்கூடத்தில் செய்யும் வேலை, எல்லாம் சேர்ந்தும் கட்டமுடியாது. இந்த நாட்டில் எந்த மேசைக்கு முன்னாலும் அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

இந்த அரையாண்டுக்குக் கட்டவேண்டாம் என்றாள் அந்தப் பெண். அடுத்த அரையாண்டுக்கு மறுபடி வந்து சொல்லவேண்டுமாம். அப்படித்தான் விதி என்று அவளே சங்கடப்பட்டாள்.

ரயில் மேடையில் மகள் சொன்னாள்: "இனி நானே வந்து சொல்லுறன். நீங்கள் வேலைக்குப் போங்கோ."

"இல்லை, நானும் வாறன்," என்றார் இவர். "உன்னைத் தனியச் சொல்ல விடமாட்டன்."