பதினொரு சொந்தமும் ஒரு அஞ்சலாவும்

இன்று பலேர்மோ நகரின் போர்கோ வெக்கியோவில் நான் டிசைன் செய்யும் அச்சுக்கடைக்கு பிலோமினா அக்கா வந்தார். மகள் அஞ்சலா தேவாலயத்தில் எடுக்கப்போகும் முதல் நன்மைக்கு அழைப்பிதழ் வேண்டுமாம்.

டிசைன் வகுப்பில் படித்தபடியே செய்து காட்டினேன். நடுவில் பிள்ளையின் பெயர் பெரிதாக, சுற்றிலும் நிறைய வெள்ளை.

"என்ன தம்பி, வெறுமையாக் கிடக்கு?"

"அப்பதான் அக்கா பேர் கண்ணிலை படும்."

"இவ்வளவு இடத்தையும் சும்மா விடுறதோ? மாமாமாரின்ர பேரைப் போடுங்கோ."

போட்டேன். லண்டன் மாமா, கனடாப் பெரியப்பா, ஞானத்தாய், சின்னம்மாமார் என்று பதினொரு பேர். சிலரைச் சிறிதாக்கப் பார்த்தேன்.

"ஒராளின்ர பேர் சின்னனாப் போனாலும் பிறகு போனும் எடுக்க மாட்டினம். எல்லாம் ஒரே அளவிலை இருக்கட்டும்."

இடம் போதாமல் அஞ்சலாவும் அதே அளவுக்கு வந்துவிட்டாள். மிஞ்சிய மூலைகளில் அக்கா கேட்ட ரோசாப்பூக்கள்.

அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரையை இரண்டு தரம் வாசித்தார். முகம் மாறிவிட்டது.

"எல்லாரின்ர பேரும் இருக்கு. பிள்ளையின்ர பேரை விட்டிட்டீங்களே தம்பி!"

கனடாப் பெரியப்பாவுக்கும் ஒரு சின்னம்மாவுக்கும் நடுவில் இருந்த அஞ்சலாவை விரலால் தொட்டுக் காட்டினேன்.

அக்கா திரைக்குக் கிட்டக் குனிந்து பார்த்தார்.

"ஐயோ, அவளைப் பெரிசாக்குங்கோ. அவளெல்லோ முதல் தெரிய வேணும்."

"அப்ப மற்றவையைச் சின்னனாக்கட்டோ?"

"சீச்சீ, அவையளைத் தொடாதேங்கோ. கார்டைப் பெரிசாக்குங்கோ."

ஆக்கிவிட்டேன். இப்போது அதைக் கதவில்தான் ஒட்டலாம். இதை மடிக்காமல் வைக்கிற கடித உறை பலேர்மோவில் எங்கே கிடைக்கும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். உறையிலும் ரோசாப்பூ இருக்க வேண்டுமாம்.